விளக்கில்லாத வண்டி

கிணத்துக்கடவு,
7-1-1936

அண்ணாவுக்கு நாச்சியம்மாள் எழுதுவது.

பொங்கல் சீரைப் பற்றித்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்து இதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடாதீர்கள். நின்ற இடத்திலேயே படியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் கடிதமும் இதே தபாலில் வந்திருக்கும். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பார்த்து வாங்கித் தரும்படி கேட்டிருப்பார். இந்தப் பக்கத்து ஊர்களில் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருக்கிறது. ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போகிறார். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடுகிறது, மருந்தும் கெட்டுப்போகிறது. மோட்டார் சைக்கிள் இருந்தால் இந்த வட்டாரம் முழுவதையும் அவருக்கே கொடுப்பதாகவும், இல்லாவிட்டால் வேறு மாட்டு டாக்டரைப் போட வேண்டியிருக்கும் என்றும் மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் தரையில் கால் பாவாமல் நடக்கிறார்.

அண்ணா, அவருக்கு வண்டி அமையக் கூடாது. எதைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பழுதைச் சொல்லித் தட்டிக் கழித்துவிடுங்கள். வண்டி விஷயத்தில் நீங்கள் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார். காரணம் மட்டும் கேட்காதீர்கள். அவர் உயிரோடு வீடு திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பதிலை என் பெயருக்குப் போட வேண்டாம். பக்கத்து வீட்டில் ரவிக்கை தைக்கும் பாத்திமுத்துவின் பெயருக்குப் போடுங்கள். அவள் என்னிடம் சேர்த்துவிடுவாள்.

நாச்சி


கோயமுத்தூர்,
11-1-1936

அம்மணி,

நீ சொன்னபடியே நின்ற இடத்தில் படித்தேன். படித்ததும் கோபம்தான் வந்தது. தங்கச்சிக்கு எழுத ஊரார் பெயரில் கடிதம் போட நான் என்ன திருடனா? கட்டினவருக்குத் தெரியாமல் கடிதம் எழுத எங்கே பழகினாய்?

இந்த ஊரில் யார் பழைய வண்டி வாங்கினாலும், "காளிச்சாமி பாத்துட்டானுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள். பட்டறை சிக்கந்தர் பாயுடையதாக இருந்தாலும் அந்தப் பேச்சு என்னுடையது. நல்லதை நல்லது என்பேன், ஓட்டையை ஓட்டை என்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று உனக்குத் தெரியாதா? சின்ன வயதில் உன் பங்கு கருப்பட்டியைத் தின்றுவிட்டு நான் முழித்த முழியை நீயே இன்னும் சொல்லிச் சிரிக்கிறாய்.

மாப்பிள்ளை கேட்டிருப்பது டவுனில் பவுசுக்கு ஓட்டுகிற வண்டி இல்லை. இரண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவில் முழங்கால் மணல், அப்படிப்பட்ட இட்டேரியில் போய்வருகிற வண்டி. அந்த நினைப்போடுதான் பார்த்து வருகிறேன். ஒன்று சைடு கார் மாட்டியது. அது இட்டேரிக்குள் நுழையவே நுழையாது. இன்னொன்று தோல்வாரில் ஓடுவது. ஓடைத் தண்ணீரில் வார் நனைந்தால் எஞ்சின் கத்தும், சக்கரம் சுற்றாது. மூன்றாவதை விற்றவன் என்னைக் கண்டதும் ரொம்பக் கும்பிட்டான். கியர்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மரத்தூள்! பல் தேய்ந்த சத்தம் வெளியே கேட்காமலிருக்கச் செய்கிற வேலை அது. ஆக, நான் பொய் சொல்லாமலே உனக்காக மூன்று வண்டி கழிந்துவிட்டது.

ஆனால் நாலாவது ஒன்று இருக்கிறது. சோமனூரில், குமாரசாமிக் கவுண்டர் வீட்டில். இரண்டு தடவை கீழே விழுந்துவிட்டு இனி வேண்டாமென்று மூடி வைத்திருக்கிறார். முன்சக்கரக் கவையில் நூல் பிடித்துப் பார்த்தேன், கோணல் இல்லை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதே இரண்டாம் உதையில் பிடித்தது. அடிவயிறு தரையிலிருந்து நல்ல உயரம், கல்லில் இடிக்காது. புகைக்குழாயை மேலே தூக்கி வைத்திருப்பதால் ஓடையில் இறங்கினாலும் தண்ணீர் ஏறாது. இட்டேரிக்கென்றே செய்து அனுப்பினாற்போல் இருக்கிறது.

இதற்கு நான் என்ன பழுது சொல்ல? காரணத்தைச் சொல். சொல்லாவிட்டால் பொங்கல் கழிந்ததும் இதை முடித்துவிடுவேன். வெயிலில் சைக்கிள் மிதித்து மனிதர் கருவாடாகக் காய்கிறார். உனக்கு இரக்கமே இல்லையா?

காளிச்சாமி


கிணத்துக்கடவு,
13-1-1936

அண்ணா,

இரக்கம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அவருக்கு மாலைக்கண்.

பொழுது இறங்கினால் எதிரில் நிற்கும் ஆள் தெரிவதில்லை. அரிக்கேன் விளக்கு ஏற்றி வைத்தால் விளக்கின் சுடர் மட்டும் தெரிகிறதே தவிர, அதன் வெளிச்சத்தில் இருப்பது தெரிவதில்லை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. பொழுதோடு சாப்பிட்டுப் படுப்பதுதான் உடம்புக்கு நல்லது என்பார். நானும் ஏதோ ஒழுங்கான மனிதர் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நேராக வந்து என் மேலேயே இடித்தார். "வழியில நின்னா என்ன பண்றது?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு ஒருநாள், மிளகாய் காயப்போட வேண்டி பாத்திமுத்து எங்கள் கட்டிலை நகர்த்திப் போட்டிருந்தாள். அன்று அதில் இடித்து விழுந்து முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்துவிட்டது. விழுந்தவர் என் கையைத் தள்ளிவிட்டு, கட்டிலைச் செய்த ஆசாரியைத் திட்டினார். அவர் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபோது எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால்தான் டாக்டரிடமும் போவதில்லை. நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று தினமும் ஆக்கிப் போடுகிறேன். சந்தை நாளில் ஆட்டு ஈரல். "இந்த ஊட்டுல வேற எதுவும் வேகாதா?" என்கிறார்.

சைக்கிள் என்றால் இருட்டும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். மோட்டார் சைக்கிளில், விளக்கைப் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று ஊரே கேட்கும். அவரும் வீம்புக்குப் போவார். அந்தப் பக்கத்து இட்டேரிகளில் வேலி ஓரத்திலேயே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இருக்கின்றன.

ஒரு பழைய வண்டிக்கு நூல் பிடித்துப் பார்க்கிறீர்கள், பெட்டியைத் திறந்து பார்க்கிறீர்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சர்க்கார் உத்தியோகம் என்பதைத் தவிர வேறு எதைத் திறந்து பார்த்தீர்கள்? பெண் பார்க்க வந்தவர் நடுப்பகலில் வந்தார், பொழுது சாய்வதற்குள் அவசர வேலை என்று கிளம்பிவிட்டார். யாராவது ஒருவர் இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னீர்களா?

அவரை எனக்குப் பிடிக்காமல் இல்லை அண்ணா. பிடித்திருப்பதால்தான் இந்த ஆத்திரம்.

நாச்சி


கோயமுத்தூர்,
29-1-1936

அம்மணி, கண்ணு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் படித்தது மனதை விட்டுப் போகவில்லை. நீ கேட்டது நியாயம். மாப்பிள்ளையை நான் பகலில் மட்டும்தான் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே இங்கு வந்துவிட்டார். ஒன்றிரண்டு சாக்குச் சொல்லிப் பார்த்தேன். "ஏனுங்க மச்சான், வண்டி பாக்கச் சொன்னா சாமியார் மாதிரி பேசறீங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஊத்துப்பாளையத்துல ஒரு கட்டுத்தறி மாடு முழுக்கக் காலியாப் போச்சுங்க மச்சான். மருந்து என்ர கையிலதான் இருந்துச்சு, வெந்நீரா" என்றார். அதைக் கேட்டபின் என்னால் தட்டிக் கழிக்க முடியவில்லை. மாடு செத்தவன் முகத்தை அவர்தானே பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. என்னைத் திட்டாதே. சோமனூருக்குக் கூட்டிப் போனேன்.

பேச்சு முடிந்தது. அப்போது குமாரசாமிக் கவுண்டரின் வீட்டம்மா சென்னியம்மாள் வெளியே வந்து, "ஏனுங்க, வண்டி கொண்டு போங்க. வெளக்கை மட்டும் களட்டி வெச்சுப்போட்டுப் போங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. "மாட்டை வித்தா கவுத்தை யாராச்சும் குடுப்பாங்களா? கவுத்தோட போனா கட்டுத்தறி லச்சுமியும் கூடப் போயிரும். இதுக்குக் கவுறு இல்லை. எரியற வெளக்கைக் குடுத்தனுப்புனா எங்கூடு வெளங்குமுங்களா?" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால், விளக்கில்லாமல் வண்டியை எவன் வாங்குவான் என்று நான் அங்கேயே குதித்திருப்பேன். அன்று ஸ்பானரை எடுத்து நானே கழற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன் அம்மணி. விளக்கு கழன்று வந்தபோது, தலைச்சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். டவுனில் வேறு விளக்கு வாங்கிக்கொள்ளலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொழுது விழுந்தபின் விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். இனி எந்த ஊரில் இருட்டுகிறதோ அந்த ஊரில் படுத்துவிட்டுக் காலையில் வரலாம். யாரும் கண்ணைச் சந்தேகப்பட மாட்டார்கள். வண்டி மேல் பழியைப் போட்டுவிடலாம். தேடித் தேடி நல்ல வண்டி வாங்கித் தருகிற நான், குறை உள்ள வண்டி கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

காளிச்சாமி


கிணத்துக்கடவு,
16-2-1936

அண்ணா,

முதலில் சந்தோஷத்தை எழுதிவிடுகிறேன். இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடுகிறார்கள். மருந்து ஐஸ் கரையாமல் போய்ச் சேர்கிறது. ஊத்துப்பாளையத்தில் மீதியிருந்த மாடுகள் அத்தனையும் பிழைத்துவிட்டன. இருட்டிவிட்டால், "வண்டிக்கு வெளக்கு இல்லீங்க" என்று எந்த வீட்டிலாவது படுத்துக்கொள்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் எவ்வளவு தைரியம்! விளக்கில்லாத வண்டி அவருக்கு ஒரு மரியாதையைக் கொடுத்திருக்கிறது.

இப்போது வந்திருப்பது வேறு.

நேற்று அவர் இல்லாத நேரத்தில் ஊத்துப்பாளையத்து மாசாணம் வந்தார். அந்த ஊரில் நாலு பேர் அவர் சொல்லைக் கேட்பார்கள். "அம்மணி, டாக்டருக்குத் தெரியக் கூடாதுங்க. அவுரு வண்டிக்கு வெளக்கு இல்லாம ஊரூரா ராத்தங்கறாரு. உங்களையும் தனியா உட்டுப்போட்டு. எங்க மாட்டைக் காப்பாத்துனவருங்க. ஊர்ல எல்லாருமாச் சேந்து ஒரு கார்பைடு வெளக்கு வாங்கி மாட்டி உடலாம்னு இருக்கறோம். வர்ற சனிக்கிழமை, மாடு கண்ணெல்லாம் ஊடு வந்து சேந்ததுக்கப்பறம், வெளக்கை நாங்களே பத்த வெச்சு, மேளத்தோட வழியனுப்பறோமுங்க" என்றார்.

வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல? அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மேளம் கொட்டி, ஊரே நின்று விளக்கேற்றி வைத்தால், அவர் வண்டியில் ஏறாமல் இருப்பாரா? வாயைத் திறந்து சொல்லுவாரா? அண்ணா, எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊரிலிருந்து வருகிற இட்டேரியில்தான் மூன்று கிணறு இருக்கிறது. ஏதாவது செய்யுங்கள்.

நாச்சி


கோயமுத்தூர்,
19-2-1936

அம்மணி,

உன் கடிதம் வந்த அன்றே மாசாணமும் வந்தார். வேறெங்கே போவார்? பட்டறைக்குத்தான். நான் உன் அண்ணன் என்று தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் அலமாரியில் விளக்கு பளபளவென்று இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு நின்றுகொண்டு, "இருப்பு இல்லீங்க" என்றேன். சிக்கந்தர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாசாணம் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது எனக்கு ஒரு கும்பிடு வேறு. பொய் சொல்ல வராதவன் ஒன்று சொன்னேன், அதுவும் உதவவில்லை.

வழி ஒன்றுதான் இருக்கிறது. நீ அவரிடம் சொல்லிவிடு. "எனக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை. கோபப்பட்டால் படட்டும். நான் வந்து சொன்னால், பெண்டாட்டி வீட்டார் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். அதை எந்த ஆம்பிளையும் தாங்கமாட்டான். நீ சொன்னால் வேறு.

சனிக்கிழமைக்குள் சொல். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காளிச்சாமி


கிணத்துக்கடவு,
23-2-1936

அண்ணா,

உயிருக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி மெதுவாகப் படியுங்கள்.

சொல்லத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். "நாச்சி, அந்த ஊத்துப்பாளையத்துக்காரங்க என்னைய நாளைக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. ஊரு மொத்தமும் கும்புடுது போ" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் சீராகக் கொடுத்த ஒற்றை மாட்டு வண்டியைப் பூட்டினேன். பாத்திமுத்து, "நானும் வாரேன்" என்று கேட்காமலே ஏறிக்கொண்டாள். ஊத்துப்பாளையத்துக்குப் பாதி வழி போவதற்குள் பொழுது விழுந்துவிட்டது. அமாவாசை வேறு, அப்படி ஓர் இருட்டு. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் சத்தம். மேளம் நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் கிட்டே வந்தது. சட்டென்று அதுவும் நின்றது.

மாட்டை அடித்து விரட்டினேன். வளைவு திரும்பியதும் வெளிச்சம் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் கள்ளிவேலியில் சாய்ந்து நிற்கிறது. விளக்கு எரிகிறது. கைப்பிடியில் மாலை தொங்குகிறது. அவர் வண்டிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் முள். ஊரார் கண்ணுக்கு மறைகிற வரைக்கும், பகலில் பழகிய நிதானத்தில் ஓட்டி வந்திருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

நான் இறங்கி விளக்குக்கு நேராகப் போய் நின்றேன். வெளிச்சம் முழுவதும் என் முகத்தில் விழுகிறது. எனக்குக் கண் கூசுகிறது. அவர் அவசரமாக எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"யாருங்க அது? ஊத்துப்பாளையத்துக்குங்களா?"

அண்ணா, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஒருமுறைகூட அப்படிப் பன்மையில் பேசியதில்லை.

"நாந்தானுங்க" என்றேன்.

அவர் கையை நீட்டித் தடவி விளக்கை எட்டிப் பிடித்தார். அதன் கண்ணாடியை உள்ளங்கையால் மூடினார். சூடு தாங்காமல் எடுத்துவிட்டார். எவ்வளவு வெளிச்சத்தில் என்னை யாரென்று கேட்டிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன நாளாத் தெரியும்?" என்றார்.

"கட்டில் இடிச்சு உளுந்தீங்களே, அன்னைக்கிருந்துங்க."

"தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் முருங்கக்கீரை ஆக்கிப் போட்டே?"

"தெரிஞ்சதாலதானுங்க."

அதற்குச் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. பாத்திமுத்து மாட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். "கையைக் குடு" என்றார். வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான். முள் எல்லாம் எனக்கும் குத்தியது. மோட்டார் சைக்கிளை எங்கள் வண்டிக்குப் பின்னால் கட்டினோம்; அந்த விளக்கைக் கழற்றி மடியில் வைத்துப் பிடித்து, அவர் எனக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே வந்தார். நான் ஓட்டினேன்.

காலையில் அவரே முடிவு செய்துவிட்டார். முதலில் கண் டாக்டரைப் பார்ப்பது. சரியாகாது என்றால் மேலதிகாரியிடம் தானே நேரில் போய்ச் சொல்வது. வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று இரவு அவர் வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலில் இருவரும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். ஒரே ஒரு விஷயம். நேற்று வண்டியில் வரும்போது, "உங்கண்ணனுக்கு இது தெரிய வேண்டாம்" என்றார். கொஞ்ச தூரம் வந்த பிறகு, "வேண்டாம், அவுருகிட்ட நானே சொல்றேன். நல்ல வண்டியாப் பாத்துக் குடுத்த மனுசனை ஏமாத்திப் போட்டேன்" என்றார். உங்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டு, அவராக முதன்முதலாக ஒருவரிடம் சொல்லப் போகிறார்.

பொய் சொல்ல வராது என்பீர்கள், தெரியும். மாசாணத்திடம் சொன்னது போதாதென்று இதுவும் ஒன்று. அவர் சொல்லும்போது, அப்போதுதான் கேட்பதுபோல் கேளுங்கள் அண்ணா.

நாச்சி